பன்னிரண்டு நாள் பொறுக்கும் பச்சை

செம்பாறைக் காட்டில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். ஆம்பல் குளத்துக்கு மேலே, பாறையடிக் குகை ஒன்றில் தனியாகக் குடியிருந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் உவர்மேடு என்று ஓரிடம். அங்கே நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் மண் கிடைக்கும். குட்டி போட்ட மான்களுக்கு அந்த மண் வேண்டும். சடைச்சிதான் போய் மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து, தேக்கிலையில் பொதிந்து, முதுகு முள்ளில் குத்திக்கொண்டு வருவாள். போய்வரப் பன்னிரண்டு நாள் ஆகும். வந்தால் மூன்று நாள் அலுப்புத் தீரப் படுத்துக் கிடப்பாள். பிறகு மறுபடி கிளம்பிவிடுவாள்.

போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போதுதான் குகை வெறிச்சென்று இருக்கும். வாசலிலும் கல், உள்ளேயும் கல். உயிருள்ளது ஏதாவது ஒன்று வீட்டில் இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு செடி இருந்தால்கூடப் போதும்.

குளக்கரையில் வாலாண்டி என்ற கருமந்தி செடி வளர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவந்தான். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். செடியைத் தூக்கிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்பான். தினமும் தண்ணீர் ஊற்றுவாயல்லவா என்பான். எல்லோரும் தலையாட்டுவார்கள். சடைச்சியும் ஆட்டினாள். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வீட்டில் இருக்கமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் செடி கிடைக்காதே.

முதலில் சேம்பு வாங்கினாள். திரும்பி வந்தபோது அது தரையோடு தரையாகக் கிடந்தது. அடுத்து வெற்றிலைக் கொடி, அது சருகானது. பிறகு காசித்தும்பை, அதில் தண்டு மட்டும் மிஞ்சியது. சடைச்சிக்குக் கைராசி இல்லை என்று காட்டில் பேச்சு கிளம்பியது. அவளும் அதை நம்ப ஆரம்பித்தாள். சில நேரம் தன் முன்னங்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

நான்காவதாக அவள் கண் ஒரு பெரணியின் மேல் விழுந்தது. சீப்புப் பல் போல இலை, தொட்டால் ஜில்லென்றிருந்தது. பழைய கேள்விக்குப் பழையபடியே தலையாட்டிவிட்டு அதைச் சட்டியோடு வாங்கி வந்தாள். தேன் எடுக்க வந்த மனிதர்கள் விட்டுப்போன சட்டி அது. வீட்டுக்குள் வைத்து, ஒரு முறை தண்ணீர் ஊற்றிவிட்டு, உவர்மேட்டுக்குக் கிளம்பினாள்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் திரும்பி வந்தாள். பெரணி பழுப்பாகிச் சுருண்டு கிடந்தது. தூக்கி எறியலாம் என்று இலைகளை ஒதுக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். இலைகளின் அடியில், வெடித்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மரத்தவளை கிடந்தது. தோல் காய்ந்து சுருங்கியிருந்தது. தொண்டை மட்டும் எப்போதாவது ஒரு முறை துடித்தது.

சடைச்சி யோசிக்கவில்லை. தவளையை வாயில் மெல்லக் கவ்விக்கொண்டு சரிவில் ஓடினாள். முதுகிலிருந்த உப்புமண் பொதிகள் வழியெல்லாம் சிதறின. குளத்தில் இறங்கி, ஆம்பல் இலை ஒன்றின் மேல் அதைக் கிடத்தி, வாயால் தண்ணீர் அள்ளி அள்ளி நனைத்தாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் அது கண்ணைத் திறந்தது. பெயரைக் கேட்டாள். குமிழி என்றது.

சட்டிக்குள் எப்படி மாட்டிக்கொண்டாய் என்று கேட்டாள் சடைச்சி.

“மாட்டிக்கல அக்கா. குளக்கரையிலயே அந்தப் பெரணிக்குள்ள நானாத்தான் இருந்தேன்” என்றது குமிழி. “தினமும் தண்ணி ஊத்துறதா நீங்க தலையாட்டினதைப் பார்த்தேன். அதை நம்பித்தான் இறங்காம வந்தேன். தண்ணி வரல. வெளிய போகலாம்னா, பாறை அடுப்பு மாதிரி சுட்டுது.”

ஒரு தலையாட்டல்தானே என்று சடைச்சி இத்தனை நாள் இருந்துவிட்டாள். அது ஓர் உயிரை எடுக்கப் பார்த்திருக்கிறது. நேரே வாலாண்டியிடம் போய் நான்கு தடவையும் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டாள். வாலாண்டி கோபப்படவில்லை. வாலைச் சொறிந்துகொண்டே, தன் மேலும் தப்பு இருக்கிறது என்றான். ஆமாம் என்று சொல்லத் தோன்றும்படிதான் அவன் எல்லோரிடமும் கேட்டுவந்திருக்கிறான்.

அடுத்த பயணத்தில் சடைச்சி சுமையில்லாமல் நடந்தாலும் கால் கனத்தது. மலையின் தெற்குச் சரிவு அனல் வீசும் இடம். எத்தனையோ தடவை தலையைக் குனிந்துகொண்டு கடந்து போயிருக்கிறாள். இந்த முறை களைத்துப்போய் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள்.

சரிவெல்லாம் பச்சை. சோற்றுக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, பாறையில் தொற்றிப் படரும் பிரண்டை, கத்தி கத்தியாய் நிமிர்ந்து நிற்கும் மருள். ஓடை இல்லை, ஊற்று இல்லை. இங்கே யார் வந்து ஊற்றுகிறார்கள்? அவளுக்கு அலுப்பு மறந்துபோனது. கற்றாழை மடல் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். கசப்பு பிடரி வரை ஏறியது, ஆனால் வாய் நிறைய நீர். மருள் இலையை முன்னங்காலால் அழுத்தினாள். உள்ளே கெட்டியாக, நிறைவாக இருந்தது. ஒன்றுவிடாமல் முகர்ந்துகொண்டே அரை நாள் சுற்றினாள்.

கள்ளி மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த செம்பட்டை என்ற ஓணான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே மழை வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று சடைச்சி அதனிடம் கேட்டாள். நான்கு மாதம் என்றது செம்பட்டை. பெய்தபோது குடித்து வைத்துக்கொண்டதை இவை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கின்றனவாம். வெயில் ஏறினால் இலையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வாய்களை மூடிக்கொள்ளுமாம். குளிர்ந்த பிறகுதான் திறக்குமாம்.

வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றாள் சடைச்சி.

“எத்தனை நாள் வீட்டுல இருப்ப?” என்று கேட்டது செம்பட்டை.

பெரும்பாலும் இருப்பேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். குமிழியின் காய்ந்த தோல் நினைவுக்கு வந்தது.

“பன்னிரண்டு நாள் இருக்கமாட்டேன் அண்ணே. மூணு நாள்தான் இருப்பேன். அந்த மூணு நாளும் பாதி நேரம் தூங்கிருவேன்.”

செம்பட்டை சிரிக்கவில்லை. குகைக்குள் வெயில் விழுமா என்று அடுத்துக் கேட்டது. விழாது, வெளிச்சம் மட்டும் வரும் என்றாள். அப்படியானால் கள்ளிக்கும் கற்றாழைக்கும் அது ஒத்துவராது, மருள்தான் சரி என்று அது சொன்னது. வேரோடு மூன்று மருள் எடுத்துக்கொள்ளச் சொல்லி இடத்தையும் காட்டியது.

சடைச்சிக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. வீட்டுக்கு வந்ததும் பெரணி இருந்த சட்டியிலேயே குளத்துச் சேற்றை நிரப்பி நட்டாள். இருந்த மூன்று நாளும் தூங்கவே இல்லை. வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றினாள். கிளம்பும்போது, போய் வரும்வரை இருக்கட்டும் என்று சட்டி விளிம்பு வரை நிரப்பினாள்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. இரண்டு மருள் சரிந்து கிடந்தன. தொட்டதும் இலை கையோடு வந்தது. மூன்றாவதும் மஞ்சளடித்துப்போயிருந்தது.

கைராசிதான் என்று அவள் மனம் உடைந்துபோனது. சட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தின் ஓரம் வரை போய்விட்டாள். வீசுவதற்கு முன், நான்கு மாதம் வெயிலில் நின்ற செடி பன்னிரண்டு நாளில் எதனால் போகும் என்று ஒரு கேள்வி வந்தது. அது அவளை விடவில்லை. உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள்.

சரிந்த இரண்டின் வேரும் கறுத்துக் கூழாகியிருந்தது. மூன்றாவது, சட்டி விரிசல் விட்ட பக்கத்தில் இருந்தது. அங்கே தண்ணீர் ஒழுகிப்போய் மண் பொலபொலவென்று இருந்தது. அந்தப் பக்கத்து வேர் மட்டும் வெள்ளையாக உயிரோடிருந்தது. சடைச்சிக்குப் புரிந்துவிட்டது. முன்பு வாங்கியவை தாகத்தில் செத்தன. இவை அவள் காட்டிய பாசத்தில் மூழ்கிச் செத்திருக்கின்றன.

பிழைத்த ஒன்றை மட்டும் எடுத்தாள். சட்டியின் விரிசலைக் கல்லால் தட்டி இன்னும் பெரிதாக்கினாள். சேற்றைக் கொட்டிவிட்டு மணலும் பொடிக்கல்லும் கலந்து நட்டாள். உதிர்ந்த தன் முள் ஒன்றை மண்ணில் ஆழமாகக் குத்தி எடுத்துப் பார்ப்பாள். மண் ஒட்டி ஈரமாக வந்தால் ஊற்றமாட்டாள். காய்ந்து வந்தால்தான் ஊற்றுவாள். சும்மா இருப்பது அவளுக்கு ஊற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. குளம் வரை போய்விட்டு வெறும் வாயோடு திரும்பிய நாட்களும் உண்டு.

குமிழியைத் தன்னோடு வந்து இருக்கும்படி ஒருநாள் கூப்பிட்டாள். தனக்குத் தினமும் ஈரம் வேண்டும், குளம்தான் சரி என்றது குமிழி. சடைச்சிக்கு வருத்தம் வரவில்லை. வீட்டிலிருக்கும் நாட்களில் அவளே கரைக்குப் போய் அதோடு பேசிவிட்டு வந்தாள்.

அந்த வருஷம் மழை பிந்தி வந்து கொட்டித் தீர்த்தது. காட்டாறு பெருகி, சடைச்சி அக்கரையில் மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டு நாள் இருபத்தாறு நாள் ஆனது. ஆறு வடிந்து குகைக்கு ஏறி வந்தவளுக்கு உள்ளே பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். அழுகல் வாடை இல்லை. பிறகு கண்ணைத் திறந்தாள்.

மருள் விறைப்பாக நின்றது. அதன் அடியில், மணலைப் பிளந்துகொண்டு, விரல் நீளத்துக்குப் புதுக்குருத்து ஒன்று கூர்மையாக வெளியே வந்திருந்தது.

சடைச்சி பொதியைக்கூட இறக்கவில்லை. அதன் பக்கத்தில் படுத்து, குருத்தின் நுனியை மூக்கால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

நம்மால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை ஒளிக்காமல் சொல்லி, அதற்கு ஒத்துவருவதைத் தேர்ந்துகொண்டால்தான் நம் கையில் எதுவும் பிழைக்கும்.