வந்த காரணம்

“இந்த ஜனங்க யாருமே எதையும் சரியாச் சொல்றதில்லைங்கம்மா. நான் என்னதான் பண்றது?”

சென்னியப்பன் இப்படிக் கேட்டபோது குடிலம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். கை நிற்கவில்லை.

மலையடிவாரத்தில் நாலு ஓலைக் குடிசை, ஒரு கிணறு. அந்த இடத்துக்குக் குடில் என்று பேர் வைத்த ஊர்க்காரர்கள், அங்கே இருந்த அம்மாளுக்குக் குடிலம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். குடிலம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடராக வந்து சேர்ந்த சென்னியப்பனுக்கு அறுபது. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு அடி, ஒரு அங்குலம் பிசகாத மனுஷன்.

அவருடைய கஷ்டமே அதுதான்.

“யாரு என்ன சொன்னாங்க?” என்றார் குடிலம்மா.

“மேல சுனைக்கு எவ்வளவு தூரம்னு ஒருத்தர்கிட்டக் கேட்டேன். ‘இங்கதான், கூப்பிடு தூரம்’னார். நடந்து பாத்தேன். ரெண்டே கால் கிலோமீட்டர்.”

“கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“அம்மா!”

“சரி, சொல்லுங்க.”

“பால்காரர் அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு போனாரு, மறுநாள் வந்தாரு. ஒரு அம்மா பல்லுவலியில வந்து ‘உசுரே போகுது’ன்னாங்க. பல்லுவலியில யாருக்குங்க உசுரு போயிருக்கு? நேத்துப் பந்தியில பக்கத்துல இருந்தவரு, ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ன்னாரு. கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேட்டேன். இலையை விட்டு எந்திரிச்சே போயிட்டாரு.”

குடிலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

“நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?”

“உண்மையான வார்த்தை ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.”

குடிலம்மா எழுந்து உள்ளே போனார். நீளமான நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“அப்ப நீங்க வாசல்ல உக்காருங்க. வர்றவங்க பேரு, வந்த நேரம், வந்த காரணம், போன நேரம். அவங்க சொல்றத சொன்னபடியே எழுதுங்க. உண்மையான வார்த்தை ஒண்ணு கெடச்சா என்கிட்டக் கொண்டாங்க.”

சென்னியப்பனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார். பென்சிலைச் சீவிக் காதில் செருகிக்கொண்டார். புங்கமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“வந்த காரணம்?”

“மனசு சரியில்லைங்க.”

“எப்ப இருந்து?”

“அது... ரொம்ப நாளா.”

“எத்தன நாளு?”

இன்னொருவர் வந்தார். “என் நெலமையப் பாத்து ஊரே சிரிக்குதுங்க” என்றார்.

“எந்த ஊரு? எத்தன பேரு சிரிச்சாங்க?”

அழுவதற்கென்று வந்தவர் அழாமலே திரும்பிப் போனார். நாளாக ஆக வருகிறவர்கள் குறைந்தார்கள். நோட்டு மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

இந்த மனுஷன் வீட்டை விட்டு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டியபோது அவர் மனைவி பாவாத்தாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

“வருவேனான்னு எனக்கே தெரியாது. தெரியாதத எப்படிச் சொல்றது?” என்றார் சென்னியப்பன். “போறேன்.”

பொய் சொல்லாமல் வந்துவிட்டோம் என்று பஸ்ஸில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

குடிலில் ஒரு நாள் உச்சிவேளை. குடிலம்மா மறுபடியும் புளியோடு உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் நோட்டோடு வந்து நின்றார்.

“இன்னைக்கு யாரு வந்தாங்க?”

“ஒரே ஒரு ஆளுதானுங்க.” அவர் வாசித்தார். “பேரு கோகிலவாணி. வந்த நேரம் ஒம்பது பத்து. வந்த காரணம், சும்மா. போன நேரம் பதினொண்ணு நாப்பது.”

“யாரு அது?”

“என் பொண்ணுங்க.”

புளி தட்டிய கை நின்றது.

“உங்க பொண்ணுகிட்டயுமா காரணம் கேட்டீங்க?”

“எல்லார்கிட்டயும் கேக்கறதுதானுங்களே.”

“பென்சிலக் கையில வச்சுக்கிட்டா?”

சென்னியப்பனின் கை தன்னால் காதுக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டுவிட்டு வந்தது.

“உங்க ஊர்ல இருந்து இங்க வர எத்தன பஸ்ஸு மாறணும்?”

“மூணுங்க.”

“மூணு பஸ்ஸு மாறி, ஒம்பது மணிக்கெல்லாம் சும்மா வந்து நின்னாளா?”

“அவ சொன்னது அதுதானுங்களே. ‘சும்மாதான்ப்பா வந்தேன்’னா. சும்மா வர்றதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம், வேலை ஏதாச்சும் இருந்தா வான்னு சொன்னேன்.”

“சொன்னதும் போயிட்டாளா?”

“இல்லைங்க. மரத்தடியில உக்காந்திருந்தா. ஒம்பதே முக்கால் பஸ்ஸு போச்சு, ஏறல. பத்தரை பஸ்ஸும் போச்சு, ஏறல.”

“ஒண்ணும் பேசலயா?”

“பேசினா. அதையும் எழுதி வச்சிருக்கேன்.” சென்னியப்பன் பக்கத்தைத் திருப்பினார். “‘அம்மா எப்படி இருக்கா?’ன்னு கேட்டேன். ‘இருக்காங்க’ன்னா. ‘சாப்பிடறாளா?’ன்னேன். ‘ஏதோ கொஞ்சம்’னா. கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேட்டேன். பதில் சொல்லல. அப்புறம், ‘அம்மா உங்களக் கேட்டாங்க’ன்னா. என்ன கேட்டான்னேன். ‘ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டாங்க’ன்னா.”

நோட்டை மூடினார்.

“பாத்தீங்களா? நான் பெத்த பொண்ணே இப்படித்தான். ஒரு பேச்சுல ஒரு வெவரம் இல்ல.”

“அவ சொன்னபடி நீங்க எழுதலீங்க” என்றார் குடிலம்மா.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை.

“ஒரு எழுத்து மாறலீங்கம்மா.”

“அப்ப நோட்டக் கீழ வைங்க. அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லிக் காட்டுங்க.” குடிலம்மா அவர் முகத்தைப் பார்த்தார். “அம்மா எப்படி இருக்கா?”

“இருக்காங்க.”

“இப்படித்தான் சொன்னாளா? கேட்டதும் சொல்லிட்டாளா?”

“இல்லீங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னா.”

“அப்ப நீங்களும் கழிச்சுச் சொல்லுங்க. அம்மா எப்படி இருக்கா?”

சென்னியப்பன் காத்திருந்தார்.

காத்திருந்தபோது மகள் கண்முன்னே வந்து நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயர்கூடையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். இமை தடித்திருந்தது. தலை வாரி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். கூடையில் ஒரு ஃபிளாஸ்க், ஒரு துண்டு, அதற்குப் பின்னால் ஒரு பெரிய பழுப்பு உறை. ஸ்கேன் எடுத்த இடத்தில் படத்தைப் போட்டுக் கொடுக்கிற உறை. ஒன்றேகால் அடிக்கு ஒரு அடி. அளவுகூட அவர் கண்ணில் விழுந்திருந்தது.

அவள் அந்த உறையை ஒருமுறை பாதி வெளியே எடுத்தாள். அவர் எழுதிக்கொண்டிருந்தார். திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் எழுத நோட்டில் கட்டம் இல்லை.

“இரு...” என்றார் சென்னியப்பன். வாய் கோணிக்கொண்டு போனது.

குடிலம்மா திரும்பவும் கேட்கவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. தப்பாக அளந்துவிட்டால் வருகிற வெட்கம் அவருக்குத் தெரியும். எல்லைக்கல்லைப் பிடுங்கி மறுபடி நட்டால் தீர்ந்துவிடும். இது அந்த மாதிரி இல்லை. பெற்ற பெண், பச்சைத்தண்ணி ஒரு வாய் குடிக்காமல் இரண்டரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அப்பா ஒருதரமாவது நிமிர்ந்து பார்ப்பார் என்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவரோ அவள் எந்தெந்த பஸ்ஸை விட்டாள் என்று கணக்கு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டார்.

“பன்னெண்டரைக்கு ஒரு பஸ் இருக்குங்க” என்றார் குடிலம்மா.

சென்னியப்பன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். நோட்டைக் குடிலம்மாவின் பக்கத்தில் வைத்தார். போகவும் முடியாமல் நின்றார்.

“நான் கேட்டு வந்த வார்த்தைங்கம்மா...”

“அது பதினொண்ணு நாப்பது பஸ்ல போயிருச்சுங்க” என்றார் குடிலம்மா, புளியை எடுத்துக்கொண்டு.

போறேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. போயிட்டு வர்றேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

மூன்று பஸ்ஸிலும் அவர் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டே போனார். எட்டு மாதத்துக்கு முன்னால் இன்ன தேதியில், இன்ன நேரத்தில், வாசலில் நின்று நான் இன்ன வார்த்தை சொன்னது தப்பு. இன்றைக்குக் காலையில் மகளிடம் இன்னின்ன கேள்வி கேட்டது தப்பு. இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். ஒன்று விடாமல், வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். முதல் பஸ்ஸில் நாலு தப்பு இருந்தது. மூன்றாவது பஸ்ஸில் இறங்கும்போது எத்தனை என்ற கணக்கு அவருக்கே விட்டுப்போயிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் நின்றார். கோகிலவாணி கதவைத் திறந்தாள். அவளும் சற்று முன்னால்தான் வந்திருக்க வேண்டும். வயர்கூடை இன்னும் கதவோரத்திலேயே இருந்தது.

அப்பாவைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில அம்மாவ இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாங்கப்பா. முந்தாநாளு.”

காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? வாயை மூடிக்கொண்டார். கேட்காததற்கும் அவள் பதில் சொன்னாள்.

“அம்மாதான் சத்தியம் வாங்கிட்டாங்க. ‘அவரு ஏதோ தேடிப் போயிருக்காரு, தொந்தரவு பண்ணிடாத. நல்லா இருக்காரான்னு மட்டும் பாத்துட்டு வா’ன்னாங்க.”

பாவாத்தாள் கட்டிலில் படுத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அது எந்தப் பாதி என்று அளக்கிற நிலையில் அவர் இல்லை.

“வாங்க” என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. “என்ன திடீர்னு? ஏதாச்சும் காரியமா வந்தீங்களா?”

சென்னியப்பன் கட்டிலருகே நின்றார். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் வாய் வரைக்கும் வந்தன.

“இல்ல” என்றார். “சும்மாதான் வந்தேன்.”

பாவாத்தாள் அவரையே பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவரோடு குடித்தனம் பண்ணியவள். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. சுவர்ப்பக்கமாக மெல்ல நகர்ந்து, கட்டிலில் அவருக்கு இடம் விட்டாள்.

“உக்காருங்க. கொஞ்ச நேரம் எங்கூட இருங்க.”

சென்னியப்பன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை.