சலேத்மேரி சொன்னால் செய்

"வார்த்தை எல்லாம் வருது சார். அதட்டத்தான் வாய் வரமாட்டேங்குது" என்றாள் சலேத்மேரி.

ஐம்பத்தொரு வயது. தூத்துக்குடியில் ஒரு விடுதிச் சமையல்கட்டில் இருபத்தாறு வருஷம், கண்டவர்கள் ஏவிய வேலையை எல்லாம் செய்தவள். இப்போதுதான் ஒரு கப்பலில் தலைமைச் சமையல்காரி வேலை கூடி வந்திருக்கிறது. அவளுக்குக் கீழே பெரு நாட்டுக்காரர்கள் ஆறு பேர். நாளைக் காலை அதிகாரி முன்னால் அவர்களை ஸ்பானிய மொழியில் வேலை வாங்கிக் காட்ட வேண்டும். சொதப்பினால் வேலை வேறொருத்திக்கு.

அவளுக்கு ஸ்பானிய மொழி சொல்லித்தரும் இன்னாசி வாத்தியாருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் உடம்பெல்லாம் குசும்பு.

"நறுக்கச் சொல்லுங்கக்கா."

"கொர்த்தாங்க."

"நம்ம ஊர் 'ங்க'வை அங்கேயும் கொண்டுபோய் ஒட்டுறீங்களே! அவன் நறுக்குறான்னாலும் கொர்த்தா, நறுக்குன்னாலும் கொர்த்தா. வித்தியாசம் சொல்றவங்க குரல்லதான் இருக்கு."

"கொர்த்தா... ங்க."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு துடைப்பத்தைக் காட்டினார்.

"பார்ரே." பெருக்கு.

பெருக்கினாள்.

"ஆப்ரே." திற.

ஜன்னலைத் திறந்தாள்.

"சூபே." ஏறு.

முக்காலியில் ஏறி நின்றாள். இந்த வயதில் இதென்ன கூத்து என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஏறிவிட்டாள், பாருங்கள்.

வாத்தியார் ஒரு தாளில் தமிழில் எழுதினார்: 'இந்தக் கப்பல் வேலை எனக்கு வேண்டாம்.' பேனாவோடு அவளிடம் நீட்டினார்.

"ஃபிர்மா." கையெழுத்துப் போடு.

பழக்கம் யாரை விட்டது? பேனாவை வாங்கி, பெயரில் முதல் எழுத்தையும் போட்டுவிட்டாள். அப்புறம்தான் கை நின்றது.

"ஃபிர்மா" என்றார் மறுபடியும்.

"மாட்டேன்."

"ஏன்? சொன்னதைச் செய்யறவங்கதானே நீங்க?"

"இருபத்தாறு வருஷம் செஞ்சாச்சு. இனிமே எவன் சொன்னாலும் மாட்டேன்."

"பாதி போட்டாச்சே. இது போதும். காலையில அதிகாரிகிட்ட நானே கொடுத்துடறேன்."

சலேத்மேரி முக்காலியிலிருந்து இறங்கினாள். தாளை அவர் கையிலேயே திணித்தாள்.

"ரொம்பே." கிழி.

வாத்தியார் சிரித்தார். "அக்கா, கொஞ்சம் தன்மையா..."

"ரொம்பே."

சிரிப்பு நின்றது. தாள் நாலு துண்டானது. துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு அவர் நாற்காலிக்குத் திரும்பினார்.

அவள் தரையைக் காட்டினாள்.

"ரெகோஹே."

வாத்தியார் குனிந்து பொறுக்கினார்.