நாற்பது விரற்கடை மழை

அமைச்சர் மருதவாணர் மார்கழியில் ஒருநாள் அம்பலத்தடிகளைத் தேடி வந்தார். அடிகள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் அமைச்சர் அடிகளைக் குருவாக ஏற்று எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மனம் குழம்பினால் மருதவாணர் அந்த மலையடிவாரக் குடிலுக்குத்தான் வருவார்.

இந்த முறை குழப்பம் பெரியது. மக்கள் தானியம் கேட்டு அரண்மனை வாசலில் கூடியிருந்தார்கள். களஞ்சியத்தைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவை மன்னர் அவரிடமே விட்டிருந்தார்.

“திறப்பதில் என்ன தயக்கம்?” என்று கேட்டார் அடிகள்.

“அரண்மனை முற்றத்தில் மழை அளக்கும் கல்தொட்டி இருக்கிறது, சுவாமி. போன ஆண்டு நாற்பது விரற்கடை மழை. இந்த ஆண்டும் அதே நாற்பது. போன ஆண்டு யாரும் வந்து கேட்கவில்லை. இப்போது பஞ்சம் என்கிறார்கள். எப்படி நம்புவது?”

“மூன்று நாள் தங்குங்கள்.”

முதல் நாள் இலை போடவில்லை. ஏதோ விரத நாள் போலும் என்று மருதவாணர் பேசாமல் இருந்தார். இரண்டாம் நாள் மாலைக்குள் அவருக்குத் தலை சுற்றியது.

“அடுப்பு மூட்டவில்லையா, சுவாமி?”

“இன்னும் இல்லை.”

அடிகளும் வெறும் தண்ணீர்தான் குடித்திருந்தார்.

மூன்றாம் நாள் நண்பகலில் இலை விழுந்தது. சோறு மலையாகக் குவிந்தது. மருதவாணர் அள்ளி அள்ளித் தின்றார். அடிகள் மேலும் போட்டார். வயிறு வலிக்கத் தொடங்கியதும் மருதவாணர் இலையை இரு கைகளாலும் மறைத்தார்.

“போதும், சுவாமி.”

“பானையில் இன்னும் நான்கு வேளைச் சோறு இருக்கிறதே.”

“ஒரே நேரத்தில் இவ்வளவையும் தின்ன முடியுமா?”

“நாளுக்கு இரண்டு வேளை. மூன்று நாளுக்கு ஆறு. நான் ஒரு வேளைகூடக் குறைக்கவில்லை.”

இலைமேல் வைத்த கையை மருதவாணர் எடுக்கவில்லை. மெல்லச் சொன்னார்.

“ஆடியில் மழை இல்லை. ஆவணியிலும் இல்லை. விதைத்தது கருகிவிட்டது. ஐப்பசியில் பத்தே நாளில் மொத்தமும் கொட்டியது. மறுபடி நட்ட பயிரும் அழுகிவிட்டது.”

அடிகள் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாலையில் வண்டி பூட்டச் சொல்லிவிட்டு மருதவாணர் விடைபெற வந்தார்.

“உழவர்களுக்குத் தானியம் கொடுத்துவிடுகிறேன், சுவாமி. ஆனால் நெசவாளர்களும் தட்டார்களும் கேட்கிறார்கள். அவர்களுக்குக் காணி நிலம் கிடையாது. மழை அவர்களை என்ன செய்தது?”

அடிகள் அவரை அடிவாரத் தெருவுக்கு அழைத்துப் போனார். முதல் வீட்டில் செங்கமலம் என்ற நெசவுக்காரி தறியருகே சும்மா உட்கார்ந்திருந்தாள். தறியில் அரக்குச் சேலை ஒன்று பாதியில் நின்றிருந்தது.

“ஏனம்மா நிறுத்திவிட்டாய்?” என்று கேட்டார் மருதவாணர்.

“தையில கல்யாணம்னு சொல்லித்தான் நெய்யச் சொன்னாங்க, ஐயா. வயலு அழுகிப் போச்சு. கல்யாணத்தைத் தள்ளி வச்சுட்டாங்க.”

“வேறு யாரும் சேலை கேட்கவில்லையா?”

“சோத்துக்கே இல்லாதப்ப சேலையை யாரு கேப்பா? தாலி செய்யிற தட்டாரும் சும்மாதான் இருக்காரு. நூலுக்குச் சாயம் போட நான் சாயக்காரரு வீட்டுக்குப் போயே ரெண்டு மாசமாச்சு. அவரு புள்ளைங்களுக்கு ஒரு வேளைக் கஞ்சிதான்.”

மருதவாணர் தெருவை ஏறிட்டுப் பார்த்தார். சாயக்காரர் வீட்டுக் கொடியில் ஒரு நூல்கூடக் காயவில்லை.

வண்டியருகே வந்ததும் அவர் நின்றார்.

“நிலம் இருப்பவர், இல்லாதவர் எல்லோருக்கும் களஞ்சியத்தைத் திறக்கிறேன், சுவாமி. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஒரு வயலில் அழுகிய நெல் எதுவரை போகும்?”

“அரண்மனை வரைக்கும் போகும்.”

“எங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லையே!”

“அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும்.”

மருதவாணர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, வழியில் எங்கும் நிறுத்த வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொன்னார்.