டீசல் ஃபில்டர்

கல்வராயன் மலையடிவாரத்தில் உமையாள் அம்மை வசித்துவந்தார். ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று, வாசலில் ஒரு புங்க மரம். அவ்வளவுதான் ஆசிரமம். அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரைத் தேடி வருகிறவர்களில் பலர் தலை நரைத்தவர்கள்.

அப்பாதுரை அப்படி ஒருவர். சின்னசேலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். மனசில் ஏதாவது அழுத்தினால் காரை எடுத்துக்கொண்டு அம்மையிடம் வந்துவிடுவார்.

அன்று பின் சீட்டில் அவருடைய அக்கா நல்லம்மாளும் இருந்தார். டிக்கியில் அக்காவின் துணிப்பெட்டி. மேட்டில் ஏறும்போதே கார் இழுவை இல்லாமல் திணறியது. ஆசிரமத்து வாசலுக்கு வந்து நின்றேவிட்டது.

"கிளம்பும்போதே சொன்னேன்," என்றார் நல்லம்மாள். "நீ யார் பேச்சைக் கேட்டே?"

அவர் போய்ப் புங்க மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அப்பாதுரை அம்மையை வணங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, மலைமேல வயசானவங்களைப் பார்த்துக்கிற இல்லம் ஒண்ணு இருக்கு. அக்காவை அங்க சேர்க்கப் போறேன். நான் செய்யறது சரியான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அவங்க உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. வாய்தான். சின்ன வயசுலயே வீட்டுக்காரரைப் பறிகொடுத்துட்டு எங்ககூட வந்துட்டாங்க. அத்தனை வருஷமும் இருக்கிற இடம் தெரியாது. எங்கம்மா தவறினதுக்கு அப்புறம்தான் இப்படி. எதைச் சொன்னாலும் சுருக்குனு ஒரு பேச்சு. என் சம்சாரம் உட்கார்ந்து அழறா. சண்டையே இல்லாத வீடும்மா அது."

அம்மை மரத்தடியைச் சற்று நேரம் பார்த்தார்.

"வண்டிக்கு என்ன?"

"டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கும். மாத்தணும்னு மெக்கானிக் ரொம்ப நாளாச் சொல்றார். புதுசு வாங்கி வண்டியிலயே வச்சிருக்கேன். நேரம் அமையலை."

"எடுங்க. இங்கயே மாத்திடலாம்."

ஆசிரமத்து ஜீப்புக்கு எல்லா வேலையும் அம்மை தானே செய்வார். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் பழைய தட்டு ஒன்றுமாக வந்தார். இன்ஜின் சூடு ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அதற்குள் அம்மை நல்லம்மாளுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"உப்பு தூக்கல்," என்றார் நல்லம்மாள். ஆனால் டம்ளரில் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

அம்மை பேட்டரி வயரைக் கழற்றி ஒதுக்கினார். கீழே தட்டை வைத்து, கிளிப்புகளைத் தளர்த்தி, குழாய்களை மெல்ல உருவினார். டீசல் சொட்டியது. பழைய ஃபில்டரை எடுத்து அப்பாதுரை கையில் கொடுத்தார். புதியதில் டீசல் நிரப்பிப் பொருத்தி, குழாய்களை மாட்டினார். குழாயில் நின்ற காற்று போகக் கைப் பம்பை அழுத்தச் சொன்னார். அப்பாதுரை அது இறுகும்வரை அழுத்தினார்.

வயரை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் கார் இரண்டு தரம் இருமியது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

அப்பாதுரை வண்டியை அணைத்துவிட்டு, பழைய ஃபில்டரைக் குப்பைக் குழியில் எறியப் போனார். அம்மை அதை வாங்கித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"குப்பையைப் போயா அம்மா கும்பிடறீங்க?"

அம்மை உள்ளே போய் ஒரு ரம்பம் எடுத்து வந்தார். மிச்ச டீசலை வடித்துவிட்டு, ஃபில்டரைப் பொறுமையாக அறுத்துத் திறந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகிதச் சுருள். அது கறுத்துப்போயிருந்தது. மடிப்புகளில் துருவும் மண்ணும் வழவழவென்று ஒரு பிசுக்கும் அப்பிக் கிடந்தன.

"இவ்வளவும் எங்கிருந்தும்மா வந்துச்சு?"

"டேங்க்ல இருந்து. நீங்க ஊத்தின டீசல்ல இருந்து."

"வண்டி இத்தனை நாள் நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஆமா. நல்லாத்தான் ஓடிச்சு."

பிறகு அம்மை மரத்தடியைப் பார்த்துக் கேட்டார். "அக்கா, உங்க வீட்டுல சண்டையே வந்ததில்லைன்னு தம்பி சொல்றாரே."

நல்லம்மாள் சிரித்தார். "அவனுக்கு எப்படித் தெரியும்? கடையில இருந்து வந்தா சோத்தைத் தின்னுட்டுப் படுப்பான். அம்மா இவன் பொண்டாட்டியைப் பத்தி ஒண்ணு சொல்லும். அதைப் போய் அவகிட்ட சொல்ல முடியுமா? அவ அடுப்படியில நின்னுக்கிட்டு அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லுவா. அதை அம்மாகிட்ட சொல்ல முடியுமா? ரெண்டு பேரும் இவனைச் சொல்லுவாங்க."

"அப்ப என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது? முழுங்கிக்க வேண்டியதுதான்."

அப்பாதுரைக்கு ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. மனைவி பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அவர் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தபோது, அக்காவும் அவளும் தலையில் மல்லிகைப்பூவோடு தெருவில் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பெட்டி அக்காவின் கையில் இருந்தது. என்ன நடந்தது என்று அன்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

கறுத்த காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபடி நின்றார்.

"இதை எங்க போடறதும்மா?"

"குழியில போட்டுடுங்க. இதுக்குப் பதிலா இன்னொண்ணு கடையில கிடைக்குது."

அப்பாதுரை அதைக் குழியில் போட்டார். பிறகு மரத்தடிக்குப் போய் அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவர் பாதங்களைத் தொட்டார்.

"கையெல்லாம் டீசல். புடவையில படப்போகுது."

"படட்டும்க்கா."

"என்னடா, அழறியா?"

"இல்லக்கா. வீட்டுக்குப் போகலாம் வா."

"மலைக்குன்னுதானே சொன்னே?"

"வீட்டுக்குத்தான். முன்சீட்டுல உட்காரு. நீ பேசறது என் காதுல விழணும்."

நல்லம்மாள் தம்பியைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அக்கா காரில் ஏறியதும் அப்பாதுரை அம்மையிடம் வந்து கைகூப்பினார்.

"உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வர நாளாகும்மா. அதுவரைக்கும் அக்கா பேசத்தான் செய்வாங்க. வீட்டுல நான் என்ன செய்யறது?"

அம்மை கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்ககிட்டயே பேசட்டும். நீங்க அதைச் சம்சாரத்துகிட்ட கொண்டுபோகாதீங்க."