இலுப்பை மரத்து வைத்தியர்கள்

ஒரு உடம்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள முடியுமா, சொல்லுங்கள் பார்ப்போம்? ஒரு காட்டில் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள்.

அங்கே செம்பி என்று ஒரு பெண்மான். மூட்டு வீக்கமும் மூச்சிரைப்பும் அதை விட்டுப் போகவே இல்லை. இனி போகவும் போகாது, அடக்கித்தான் வைக்க வேண்டும். கோடை வந்தால் மான் கூட்டம் ஆற்றைக் கடந்து அக்கரைப் புல்லுக்குப் போய்விடும். இக்கரையில் தனியாக நின்றால் செந்நாய்க்குத்தான் சாப்பாடு. எப்படியாவது குட்டியோடு கடந்துவிட வேண்டும். செம்பிக்கு இருந்தது அந்த ஒரே கவலை.

வைத்தியர்கள் இருவருக்கும் ஒரே இலுப்பை மரம். உச்சிக் கிளையில் கருங்குரங்கு, அது மூச்சுக்கு. நடுவில் பொந்துக்குள் மரங்கொத்தி, அது மூட்டுக்கு. கொத்துகிற சத்தத்தில் குரங்கின் தூக்கம் கெட்டதிலிருந்து இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

குரங்கு ஏதோ தழையைக் கசக்கிச் சாறு கொடுத்தது. மூச்சு அடங்கியது. மரங்கொத்தி ஏதோ வேரை இடித்துக் கொடுத்தது. வீக்கம் வற்றியது. ஆனால் செம்பிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

"மாமா, தலை கிறுகிறுன்னு வருது," என்றது குரங்கிடம்.

"தலைய யார் கேட்டா? நான் பாக்கிறது மூச்சு. மூச்சு எப்படி?"

"அது நல்லாருக்கு. கீழ மரங்கொத்தி அண்ணன் குடுக்கிற வேரும் இதே மாதிரி கசக்குது, அதான்..."

"ஓ, அந்த ஓட்டை போடுறவன்கிட்டயும் போறியா? அப்ப இங்க எதுக்கு வந்த?"

செம்பி பொந்தடிக்குப் போய் அதையே தயங்கித் தயங்கிக் கேட்டது.

"மேல இருக்கிற வால்காரன் பேச்சை எங்கிட்ட எடுக்காத," என்றது மரங்கொத்தி. "காலை மடக்கு. பாத்தியா, என்ன அழகா மடங்குது!"

கூட்டம் கிளம்பும் நாள் வந்தது. செம்பி தண்ணீரில் கால் வைத்தது. ஆறே சுழன்றது. கரையிலேயே விழுந்துவிட்டது.

"செந்நாய்ச் சத்தம் கேக்குது, நிக்க முடியாதுடி," என்றது மூத்த மான் காரி. "குட்டிய நான் பாத்துக்கிறேன்."

குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆற்றில் இறங்கியது.

சேதி கேட்டு வைத்தியர்கள் இருவரும் மருந்தோடு ஓடிவந்தார்கள். குரங்கின் கையில் தழை. மரங்கொத்தியின் அலகில் வேர், அதன் நுனியில் அதே தழை. ஒரே கொடி. அளவோடு தின்றால் மருந்து, இரண்டு மடங்கு தின்றால் விஷம்.

"மூட்டுல ஒரு குறையும் இல்ல," என்றது மரங்கொத்தி.

"மூச்சும் சீராத்தான் இருக்கு," என்றது குரங்கு. "ரெண்டு பக்கமும் தின்னது உன் தப்பு. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

செம்பி அக்கரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"சொன்னேனே, மாமா. போகட்டும். இனிமே எவளாவது வந்தா, நோயை மட்டும் பாக்காம அவளையும் பாருங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்ட பிறகு மருந்து குடுங்க."