ஆயா கொண்டுபோன சேதி

தலைமையாசிரியர் ஞானசிகாமணிக்கும் பள்ளித் தாளாளர் வெள்ளச்சாமிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வராந்தாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்துகொண்டு, எதுவானாலும் ஆயா இசக்கியம்மாவிடம் சொல்லி அனுப்புவார்கள். "அந்த அரிசிமில்காரனுக்குப் படிப்பைப் பத்தி என்ன தெரியும்?" என்பார் தலைமையாசிரியர். அவள் அங்கே போய், "சார் யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்பாள். அங்கிருந்து கிளம்பும் வசவும் இங்கே வந்துசேரும்போது வணக்கமாகியிருக்கும்.

கொடியேற்றத்தன்று தாளாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம சாருடைய பணிவு யாருக்கும் வராது" என்று புகழ்ந்தாரே, அன்றைக்குக் குட்டு உடைந்தது.

"பணிவா? எனக்கா?" ஞானசிகாமணி குதித்தார். "இனிமே ஒரு சொல்லை மாத்தினே, உன் வேலை காலி! நான் சொன்னதை அப்படியே அங்கே சொல்லணும், அவன் சொன்னதை அப்படியே இங்கே சொல்லணும். போ, அரிசிமில்காரன்னே சொல்லு!"

"சரிங்கய்யா" என்று போனாள்.

அவள் திரும்பியபோது அவர் பத்தாம் வகுப்பில் டைரக்ட் ஸ்பீச், ரிப்போர்ட்டட் ஸ்பீச் நடத்திக்கொண்டிருந்தார். பாடத்துக்கு உதாரணம் தானாக நடந்து வந்த குஷி அவருக்கு.

"என்ன சொன்னான்? பசங்க முன்னாடியே சொல்லு."

"அப்படியேவா ஐயா?"

"அட்சரம் பிசகாம!"

இசக்கியம்மா முந்தானையை இழுத்துச் சொருகினாள். "ஏலே கூறுகெட்ட பயலே! நாளைக்கு இந்தப் பக்கம் தலையைக் காட்டினே, காலை ஒடிச்சிருவேன்!"

ஞானசிகாமணியின் சாக்பீஸ் கீழே விழுந்தது.

"ஆயா... கொஞ்சம் பழையபடியே சொல்லேன்."

இசக்கியம்மா கைகட்டிக் குனிந்தாள். "ஐயாவை நாளையிலேர்ந்து வீட்டிலேயே நல்லா ஓய்வெடுக்கச் சொன்னாங்க."