இருபத்துநாலு கையெழுத்தும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும்

எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர் கோதண்டபாணி நோட்டீஸ் எழுதினால் பல்லுடைக்கும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றாவது இருக்கும். போன வாரம் எழுதியது இது: படி பெருக்கும் அமிர்தவல்லியின் வேலை 'பெர்ஃபங்க்டரி', அதனால் அவளை நிறுத்துகிறோம். இருபத்துநாலு வீட்டிலும் கையெழுத்து வேண்டுமாம். வழக்கம்போல் தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியது யார்? அமிர்தவல்லியேதான்! ஒருவரும் படிக்கவில்லை. போனில் பேசிக்கொண்டே போட்டார்கள், தோசையைத் திருப்பிவிட்டு வந்து போட்டார்கள். கான்வென்டில் படித்த நானும்தான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் செயலாளர் அதை வாசித்து, அவளை நிறுத்தப்போவதாகச் சொன்னதும் அமிர்தவல்லி எழுந்தாள்.

"சார், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"என்ன ஏதுன்னு பாக்காம, கடனேன்னு செய்யறதும்மா" என்றார் பெருமையாக.

"நான் ஒவ்வொரு படியையும் குனிஞ்சு பாத்துத்தான் சார் பெருக்கறேன். இவங்க என் சோத்துல மண்ணைப் போடறப்பகூடத் தாளைப் பாக்கல. இப்ப சொல்லுங்க, அந்த வார்த்தை யாருக்கு?"

செயலாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"என் கையெழுத்தை அடிச்சிடறேன், பேனாவைக் குடுங்க" என்றேன் நான். எனக்குப் பின்னால் பத்துப் பேர் கையை நீட்டினார்கள்.

அமிர்தவல்லி தாளை எங்கள் முன் வைத்தாள்.

"இந்தத் தடவையாவது படிச்சிட்டு அடிங்கம்மா."